அறுபத்து மூன்று வளையங்கள்

கொல்கத்தாவின் காளிகாட் படங்களில் நேர்க்கோடு அபூர்வம். மீனைக் கவ்வும் பூனையின் வயிறு, வெற்றிலை மடிக்கும் பெண்ணின் கை, பாபுவின் கன்னம் என்று எதைப் பார்த்தாலும் உருண்டு திரண்டிருக்கும். ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி உள்ளே வரவர மங்கும் ஒரே ஒரு தூரிகை இழுப்பில் இந்த வித்தை முடிந்துவிடுகிறது. கிராமங்களில் நீண்ட சுருள்களில் கதை வரைந்துகொண்டிருந்த பட்டுவாக்கள், 19ஆம் நூற்றாண்டில் காளி கோயிலைச் சுற்றிக் கடை போட்டபோது, ஆலையில் செய்த மெல்லிய மலிவுக் காகிதத்துக்கு மாறினார்கள். தாளுக்கு ஒரு படம், சில நிமிட வேலை, யாத்திரிகர் கையில் சில்லறைக் காசுக்கு விற்பனை. இந்த நிழல் தீட்டல் ஆங்கிலேயரின் நீர்வண்ணத்தைப் பார்த்து வந்தது என்று எழுதினார் கலை வரலாற்றாளர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர். இல்லை, அது நாட்டுச் சரக்குதான் என்று மறுத்தவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கிறது. பட்டுவாக்கள் மண்பொம்மையும் செய்தவர்கள். உருண்டை எப்படி இருக்கும் என்று விரல்களுக்கே தெரிந்த ஆட்களுக்கு வெளிநாட்டு வாத்தியார் எதற்கு?

பட்டுவாக்கள் காகிதத்தின் மேல் உருளையைக் காட்டினார்கள். இந்த அத்தியாயத்தில் நாம் காகிதத்தையே உருளையாக்கப் போகிறோம். செய்யப் போகும் பொருள் ஒரு பீரங்கி.

கொல்கத்தாவில் பீரங்கிக்குப் பஞ்சமில்லை. வில்லியம் கோட்டை இருக்கிறது. 1783 முதல் 1853 வரை வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த தம்தம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் பட்டறை நிறுவிய காசிப்பூர் இருக்கிறது. பழைய தெருமுனைகள் சிலவற்றில், உபயோகம் தீர்ந்த பீரங்கிகளைச் சுவரில் வண்டி உரசாமலிருக்கத் தலைகீழாகப் புதைத்து வைத்ததும் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் வார்ப்பு வேலை: உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தவை. காகிதத்தை உருக்கி ஊற்ற முடியாது. காகிதத்துக்குத் தெரிந்தது மடிவதும் சுருள்வதும் ஒட்டிக்கொள்வதும்தான். ஆகவே சுற்றிச் சுற்றிச் செய்த பீரங்கி ஒன்று வேண்டும். அதற்கு ரயிலேறி பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூருக்குப் போக வேண்டும்.

சுடுமண் கோயில்களுக்குப் பெயர்போன அந்த ஊரில், சின்னமஸ்தா கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு மேடைமேல் கிடக்கிறது தல்மாதல். நீளம் சுமார் 3.8 மீட்டர், குழல்வாயின் விட்டம் சுமார் 29 சென்டிமீட்டர். 1742இல் மராத்தியக் குதிரைப்படை வங்காளத்தில் புகுந்த காலத்தில், மல்ல அரசர்களுக்காக ஜகந்நாத் கர்மகார் என்ற கொல்லர் செய்தது என்பது ஊர் மரபு. மராத்தியத் தளபதி பாஸ்கர் பண்டிதரின் படை நகர வாசலுக்கு வந்தபோது குலதெய்வமான மதன்மோகனே இறங்கிவந்து இதற்குத் தீ வைத்தார் என்பதும் அதே மரபின் இன்னொரு பாதி. சாமி சுட்டாரோ இல்லையோ, கர்மகார் செய்தது கண்முன்னால் இருக்கிறது. உள்ளே தேனிரும்பால் ஒரு குழல். அதன்மேல் நெருக்கமாகக் கோத்து, காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய 63 இரும்பு வளையங்கள்.

ஏன் வளையங்கள் என்பதற்கு முதல் பதில் உலையில் இருக்கிறது. அன்றைய நம் நாட்டு உலைகள் இரும்பை முழுதாக உருக்கியதில்லை. தாதுவும் கரியும் சேர்ந்து வெந்து, கசடு கலந்த கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டி கிடைக்கும். அதைச் சிவக்கச் சிவக்க அடித்துக் கசடைப் பிதுக்கினால் வருவதுதான் தேனிரும்பு. அதை ஊற்ற முடியாது. அடித்து ஒட்டத்தான் முடியும். பல டன் எடையுள்ள ஒரே கட்டியை எந்த உலையிலும் சூடேற்ற முடியாது, எந்தச் சம்மட்டியாலும் அடிக்க முடியாது. ஒரு வளையத்தை நாலு பேர் தூக்கலாம். வெண்கலம் இதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் என்பதால் அதை வார்க்கலாம். முர்ஷிதாபாத்தில் இருக்கும் ஜகான்கோஷா அப்படிப்பட்டது. 1637இல் டாக்காவில் ஜனார்தன் கர்மகார் செய்தது, 17 அடிக்கு மேல் நீளம், ஏழு டன்னுக்கு மேல் எடை. ஆனால் செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் கஜானாவைத் திறக்க வேண்டும். இரும்பு மலிவு, கொல்லர் கூலி அதைவிட மலிவு.

இனி அளவு. இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால் தல்மாதல் 19 சென்டிமீட்டர் நீளம் வரும். மேசையில் வைக்க வசதி. குழல்வாய் சுமார் 14.5 மில்லிமீட்டர். நீளத்தை 63ஆல் வகுத்தால் வளையத்துக்குச் சராசரி மூன்று மில்லிமீட்டர் அகலம், ஸ்கேலும் கட்டரும் வைத்து வெட்டத் தோதான அகலம். வெளி விட்டத்தை வாய்க்கு நேராக எடுத்த புகைப்படத்திலிருந்து கணக்கிடலாம். படத்தில் உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் அளந்து, உள்வட்டத்தின் நிஜ அளவு தெரியும் என்பதால் விகிதம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இங்கே கணக்குக்காக மாதிரியின் வெளி விட்டம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

காகிதம் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் ஜி.எஸ்.எம். சொல்லிக் கேட்பது எல்லாருக்கும் தெரியும். கிரெயின் எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் அச்சகக்காரர்கள் மட்டும்தான். ஆலைக் காகிதத்தின் பிறப்பு ரகசியம் அதில் இருக்கிறது. கையால் காகிதம் எடுப்பவர் கூழில் சட்டத்தை முக்கித் தூக்கி நாலு பக்கமும் குலுக்குவார். நார்கள் தாறுமாறாகப் படியும். எந்திரத்திலோ கூழ் ஓடும் கம்பிவலைமேல் விழுகிறது. ஆற்றில் போகும் கட்டைகள் நீரோட்டத்தோடு திரும்புவதுபோல நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையில் படுத்துவிடுகின்றன. இந்த எந்திரத்துக்கு 1799இல் பிரான்சின் நிக்கோலா லூயி ராபேர் காப்புரிமை வாங்கினார். ஹூக்ளிக் கரையில் செராம்பூர் பாதிரிமார்கள் 1820இலேயே காகிதப் பட்டறைக்கு நீராவி எந்திரம் இறக்கிவிட்டார்கள். 1882இல் டிட்டாகர் ஆலை வந்தது.

கிரெயினைக் கண்டுபிடிக்கத் தாளின் மூலையில் ஒரு சிறு சதுரம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் நாக்கால் ஈரப்படுத்துங்கள். அது உடனே குழாய்போலச் சுருளும். அந்தக் குழாயின் நீளவாக்குத்தான் நார் ஓடும் திசை. நார் நனைந்தால் பருக்கும், நீளாது. நனைந்த பக்கம் குறுக்கே மட்டும் விரிவதால் தாள் அப்படி வளைகிறது. கிழித்துப் பார்த்தும் சொல்லலாம். கிரெயின் வழியே கிழித்தால் கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் பல்பல்லாகப் போகும்.

நமக்கு 180 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் போதும். கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படம் வரைய வாங்கும் இந்தத் தாள் வகை, ஆதியில் துப்பாக்கி மருந்தை அளந்து சுருட்டி வைப்பதற்காகச் செய்யப்பட்டது. அப்படிச் சுருட்டிய காகிதப் பொட்டலம் ஒன்றின் கொழுப்புப் பூச்சைப் பற்றி 1857 ஜனவரியில் தம்தம்மில் ஒரு கலாசித் தொழிலாளி சொன்ன சொல் எங்கே போய் முடிந்தது என்பதை வரலாற்றுப் புத்தகங்களில் படித்துக்கொள்ளுங்கள். பீரங்கிக்கும் ஒரு காலத்தில் காகிதப் பைகளில் மருந்து அடைத்தார்கள். எரிந்த பிறகும் அதன் துண்டுகள் குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும். அடுத்த பையை உள்ளே தள்ளுகிறவனின் கை போகும். பிறகு கம்பளித் துணிப் பைக்கு மாறினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரப் பஞ்சுக்கோலால் குழலைத் துடைப்பது அப்போதும் நிற்கவில்லை.

உள்குழலுக்கு 14.5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு கோல் வேண்டும். தடித்த மார்க்கர் பேனா ஒன்று அந்த அளவில் கிடைக்கும். அதன்மேல் மெழுகுத்தாள் ஒரு சுற்று, பிறகு நம் தாள். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூரிகையால் தடவி, இறுக்கி உருட்ட வேண்டும். ஒவ்வொரு தாளாக வெட்டி ஒட்டுகிறவர்கள் இங்கே ஒரு சின்னக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு சுற்றும் ஆரத்தை 0.2 மில்லிமீட்டர் கூட்டுகிறது. சுற்றளவு அதைப்போல் 2π மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் கூடும். ஐந்து சுற்றுக்கும் ஒரே அகலத் தாளை வெட்டினால் ஐந்தாவது சுற்றில் ஐந்து மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். இதில் வேடிக்கை, கோலின் பருமன் எதுவானாலும் இந்த ஒன்றேகால் மாறுவதில்லை. பேனாவைச் சுற்றினாலும் சரி, பூமியைச் சுற்றினாலும் சரி, ஒரு சுற்றுக்கு அதே ஒன்றேகால்தான்.

குழல் காய்ந்ததும் ஒரு பரிசோதனை. இதே தாளில் ஒரே ஒரு சுற்று மட்டும் உள்ள இன்னொரு குழாயைச் செய்து, அதற்குள் நீள பலூன் ஒன்றை நுழைத்து ஊதுங்கள். சைக்கிள் பம்ப் இருந்தால் நல்லது. எத்தனை தடவை செய்தாலும் குழாய் ஒரே மாதிரிதான் கிழியும்: நெடுக்கில், வாயிலிருந்து வாய்வரை ஒரே கோடாக. இடுப்பில் சுற்றிக் கிழிந்து இரண்டு துண்டானதாகப் பார்க்கவே முடியாது.

காரணம் எளியது. உள்ளே அழுத்தம் உள்ள, இரு முனையும் மூடிய, மெல்லிய சுவர்க் குழாய் ஒன்றை மனக்கண்ணில் நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். இரண்டு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை, அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் வருவது. அதைத் தாங்குபவை இரண்டு பக்கச் சுவர்கள். கணக்கு முடியும்போது, சுற்றுவாக்கில் வரும் இழுப்பு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவர்க் கனத்தால் வகுத்த அளவு. நீளவாக்கில் வரும் இழுப்போ அதில் சரிபாதிதான். எந்தக் குழாயும் தன் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுற்றளவுதான் அதன் பலவீனம். சிவகாசியில் அணுகுண்டு வெடியின் காகிதக் கூட்டின்மேல் நூலை வரிந்து வரிந்து சுற்றுகிறார்களே, அவர்கள் கட்டிப்போடுவது இந்தச் சுற்று இழுப்பைத்தான். ஜகந்நாத் கர்மகாரின் 63 வளையங்களும் செய்வது அதே வேலை.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வளையம் சுற்றித் தருவாள். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். சுற்றிக்கொண்டே கேட்டாள்: "எதுக்கு மாமா இத்தனை வளையம்? அந்த உள்குழாயையே நல்லா தடியா உருட்டிட்டா ஆச்சுல்ல?" கேள்வி நியாயமானது. பதிலுக்குக் கடலூர் வழியாகத் தஞ்சாவூர் போக வேண்டும்.

கடலூரில் ஒரு கணிதக்காரர் இறந்துபோனார். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் பீரங்கிக் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல் அதுவரை அனுபவக் கைவேலையாக இருந்ததை இயற்பியலாக மாற்றியது. கணித மேதை ஆய்லரே அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோய், பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் சேர்த்து 1745இல் வெளியிட்டார். சென்னை, கல்கத்தாக் கோட்டைகளைப் பலப்படுத்தக் கம்பெனி ராபின்ஸை வேலைக்கு எடுத்தது. 1750இல் வந்திறங்கியவர் 1751 ஜூலையில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஊசலாடும் கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு பின்வாங்கியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறை அவருடையது. நமக்கு இங்கே வேண்டியது அவரது இன்னொரு முடிவு: அடைபட்ட இடத்தில் வெடிக்கும் மருந்தின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு.

இதைத் தஞ்சாவூர்க் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கியில் பொருத்திப் பார்ப்போம். ரகுநாத நாயக்கர் காலத்து வேலை. நெடுக்கில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களை ஏற்றிச் செய்தது. கான்பூர் ஐ.ஐ.டி. உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியம் இதை அளந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நீளம் சுமார் 7.5 மீட்டர், உள் விட்டம் 63.5 சென்டிமீட்டர், சுவர்க் கனம் 15 சென்டிமீட்டர், எடை 22 டன். ராபின்ஸின் ஆயிரம் மடங்கு அழுத்தம் இதற்குள் எழுந்தால் சுவரில் சராசரியாக வரும் சுற்று இழுப்பு அந்த அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 210 மெகாபாஸ்கல். தேனிரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையே ஏறக்குறைய அதுதான். அப்படி மருந்து நிரப்பியிருந்தால் பீரங்கி இன்றைக்கு மேட்டில் இருந்திருக்காது. இவ்வளவு அகன்ற வாய்க்கு இரும்புக் குண்டு கட்டுப்படியாகாது. 60 சென்டிமீட்டர் இரும்புக் குண்டு 900 கிலோவை நெருங்கும். கல்குண்டு என்றால் 300 கிலோதான். எடை குறைந்தால் தள்ளக் குறைந்த மருந்து போதும், சுவருக்கும் உயிர் மிஞ்சும்.

ஆனால் "சராசரி" என்ற சொல்லுக்குள்தான் மாடிவீட்டுப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கனத்த சுவரில் இழுப்பு சமமாகப் பங்குபோடப்படுவதில்லை. பிரெஞ்சுக் கணிதக்காரர் காப்ரியேல் லாமே 19ஆம் நூற்றாண்டில் கண்ட சூத்திரத்தைத் தஞ்சாவூர் அளவுகளுக்குப் போட்டால், ஒரே கட்டியாகச் செய்த குழலில், உள்பக்கத் தோல் அழுத்தத்தைப்போல் 2.7 மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். வெளிப்பக்கத் தோல் 1.7 மடங்குதான். சுவரை இன்னும் தடிமனாக்கினால் வெளிப்பக்கம் இன்னும் சோம்பேறியாகும். உள்பக்கத்தின் பாரம் கொஞ்சம் குறையும், ஆனால் எவ்வளவு இரும்பைக் கொட்டினாலும் உள்ளிருக்கும் அழுத்தத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. தடிமன் ஓரளவுக்கு மேல் வெறும் சுமை.

வளையம் இங்கே வேறொரு காரியமும் செய்கிறது. பழுக்கக் காய்ச்சிய வளையத்தைக் குழலில் ஏற்றினால், ஆறும்போது அது சுருங்கி உள்குழலை நெரிக்கும். வெடிப்பதற்கு முன்பே உள்தோல் அமுக்கத்தில் இருக்கிறது. வெடிக்கும்போது எழும் இழுப்பு முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் இரும்பை இழுக்கத் தொடங்க வேண்டும். வெளி வளையங்களும் சும்மா நிற்காமல் பங்கு எடுத்துக்கொள்கின்றன. 1850களில் இங்கிலாந்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் இதைத் தெரிந்தே, கணக்குப் போட்டே செய்தார். நம் கொல்லர்கள் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட அனுபவத்தில் செய்திருக்க வேண்டும். அவர்களுக்கு லாமேயைத் தெரியாது என்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

காகிதத்திலும் இந்த நெரிப்பை உண்டாக்கலாம் என்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மூன்று மில்லிமீட்டர் பட்டையைப் பசையில் லேசாக நனைத்து ஊறவிட்டு, இழுத்துச் சுற்றுங்கள். காயும்போது அது சுருங்கும். உள்குழலுக்குள் விட்ட கோலை உருவி எடுப்பதற்கு முன் மேலே ஒரு டஜன் வளையம் சுற்றிவிட்டால், கோல் வராமல் அடம்பிடிப்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் இந்தச் சுருக்கம் பட்டையை எந்தத் திசையில் வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. நார் குறுக்குவாக்கில்தான் அதிகம் ஊதிச் சுருங்கும். ஆக, பட்டையின் நீளம் கிரெயினுக்குக் குறுக்கே இருந்தால் நன்றாக நெரிக்கும். சுற்றுவதும் சுலபம், வளைவு முறியாமல் வழுவழுவென்று வரும். பட்டையின் நீளம் கிரெயின் வழியே இருந்தால் விறைத்துக்கொண்டு, சுற்றச் சுற்ற முனை எழும்பும், ஆங்காங்கே முறியும்.

அப்படியானால் குறுக்கு வெட்டுத்தானே சரி? மாதிரிக்குச் சரி. பீரங்கிக்குத் தலைகீழ். அடித்து நீட்டிய தேனிரும்புக்கும் காகிதம்போல நார் உண்டு. மிச்சமிருக்கும் கசடு, அடிக்கும் திசையில் நூல்நூலாக நீண்டு இரும்புக்குள் கிடக்கும். அந்த நூல்களின் வழியே இழுத்தால் இரும்பு பலசாலி, குறுக்கே இழுத்தால் நோஞ்சான். ஒரு நீளக் கம்பியை வளைத்து முனைகளை ஒட்டி வளையமாக்கினால் நார் வளையத்தைச் சுற்றி ஓடும், சரியாக இழுப்பு எழும் திசையில். தல்மாதலின் பலம் அங்கே இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கும் இரும்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் குழல் செய்தது இதற்காகவே. காகிதமோ, சுலபமாகச் சுருளும் திசையில் சுருட்டினால், நாரைக் குழாயின் நீளவாக்கில் வைத்துக்கொண்டு, அதிக இழுப்பு வரும் திசையைப் பலமில்லாமல் விட்டுவிடுகிறது. பலூன் வைத்த குழாய் அவ்வளவு நேர்க்கோடாகக் கிழிந்ததில் கிரெயினுக்கும் பாதிப் பங்கு. அதே சோதனையை கிரெயின் சுற்றுவாக்கில் ஓடும்படி உருட்டிச் செய்து பார்த்தால், குழாய் இன்னும் கொஞ்சம் காற்றைத் தாங்கும். அழகான வளையமா, நார் சரியாக ஓடும் வளையமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் உள்சுற்றுகளை நாரோடும், மேல்சுற்று இரண்டை மட்டும் குறுக்கிலும் வெட்டுகிறேன். வெளியே தெரிவது மேல்சுற்று மட்டும்தானே.

எவ்வளவு பட்டை ஆகும்? உள்குழலின் வெளி விட்டம் 16.6, வளையத்தின் வெளி விட்டம் 30 மில்லிமீட்டர், தாளின் கனம் 0.2. வளையத்தின் பக்கப் பரப்பைத் தாளின் கனத்தால் வகுத்தால் ஒரு வளையத்துக்கு சுமார் இரண்டரை மீட்டர் பட்டை. 63 வளையங்களுக்கு 154 மீட்டர். இத்தனை சுற்றியும் எடை நூறு கிராமைத் தொடாது. தொடங்கும் முனையை ஒவ்வொரு வளையத்திலும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எல்லா முனையும் ஒரே கோட்டில் வந்தால் முதுகில் தழும்புபோல ஒரு மேடு ஓடும். பொறுமை இல்லாதவர்கள் உள்ளே அட்டை வட்டங்களை நிரப்பி மேலே மூன்று சுற்று மட்டும் சுற்றலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் தெரியும்.

வளையம் போட்ட பீரங்கியில் ஒரு சௌகரியம், எல்லாமே உருளை. முன்னே மெலிந்து பின்னே தடித்த பீரங்கி என்றால் கூம்பின் துண்டு வரும்; அங்கேதான் பலர் சறுக்குவார்கள். பின்விட்டம் 40, முன்விட்டம் 32, நீளம் 190 மில்லிமீட்டர் உள்ள கூம்புத் துண்டை விரித்தால், பார்வைக்கு வெறும் செவ்வகம் மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அதன் அடிவிளிம்பு 950 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில். நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வளைவு வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். அந்த இரண்டை அலட்சியம் செய்து ஸ்கேல் வைத்து நேராக வெட்டினால், உருட்டிய பிறகு பீரங்கியின் பின்பக்கம் சாய்வாக வெட்டிய மூங்கில்போல நிற்கும். மேசையில் நிமிர்த்தி வைத்தால் ஆடும்.

உருளையும் கூம்பும் காகிதத்துக்கு வசப்படும், கோளம் வசப்படாது. பீரங்கியின் பின்னாலுள்ள குமிழை எந்தத் தாளாலும் சுருக்கமில்லாமல் போர்த்த முடியாது என்பதற்கு 1827இல் கணித மேதை காஸ் நிரூபணமே கொடுத்துவிட்டார். ஒரு பரப்பை நீட்டாமல் சுருக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது. தட்டைத் தாளுக்கு அது பூஜ்யம், உருளைக்கும் பூஜ்யம், கோளத்துக்குப் பூஜ்யமில்லை. ஆகவே குமிழை ஆறு அல்லது எட்டு இதழ்களாக வெட்டிக் குவித்து ஒட்டி, பசையும் மரத்தூளும் பூசித் தேய்ப்பதுதான் வழி. பட்டுவாவின் தூரிகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

காசிப்பூருக்கு ஒரு வார்த்தை. 1801இல் அங்கே பீரங்கி வண்டிகளுக்கான பட்டறையாகத் தொடங்கியதில் 1802 மார்ச் 18 அன்று உற்பத்தி தொடங்கியது. இன்றும் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் அந்த நாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றன. 1830களில் வார்ப்புச் சாலையும் வில்லியம் கோட்டையிலிருந்து அங்கே போயிற்று. வார்த்த வெண்கலப் பீரங்கி ஒன்றைக் காகிதத்தில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உருட்டவே வேண்டாம். உருட்டினால் உருவம் வரும், செய்முறை வராது. இரண்டு மில்லிமீட்டர் கிரே போர்டில் வட்டங்கள் வெட்டி அடுக்கி ஒட்டுங்கள். 19 சென்டிமீட்டருக்கு 95 வட்டங்கள்; ஒவ்வொன்றின் விட்டத்தையும் வரைபடத்தின் குறுக்குவெட்டிலிருந்து எடுக்கலாம். வட்டங்களின் நடுவே முன்கூட்டித் துளை போடாதீர்கள், 95 துளைகள் ஒருநாளும் நேர்க்கோட்டில் வராது. அச்சுக்குள் களிமண் கோல் ஒன்றை நிறுத்தி, குழலோடு சேர்த்தே வார்த்த பழைய பீரங்கிகளுக்கும் இதே வியாதிதான்: உலோகம் பாயும்போது கோல் நகர்ந்து, துளை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்விஸ் வார்ப்பாளர் யோஹான் மாரிட்ஸ் பீரங்கியைத் துளையில்லாக் கட்டியாக வார்த்துவிட்டுப் பிறகு குடைந்தார். துளைப்பானை அசையாமல் பிடித்து, பீரங்கியைச் சுழலவிடும் ஏற்பாடும் அவர் குடும்பப் பட்டறையிலிருந்து பரவியதுதான். சுழல்வது வேலைப்பொருளாக இருந்தால், துளைப்பான் கொஞ்சம் விலகினாலும் சுழற்சி அதை நடுவுக்கே தள்ளும். அட்டைக் கட்டி நன்றாகக் காய இரண்டு நாள் விட்டு, அதைக் கை டிரில்லின் வாயில் பொருத்த ஒரு போல்ட்டைப் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டு, துளைப்பானை வைஸில் இறுக்கிக்கொண்டு தொடங்குங்கள். ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். வேகமானால் ஃபெவிகால் சூட்டில் இளகி அட்டைகள் தனித்தனியாகக் கழன்று வரும்.